நண்பரின் உலாவியில் உங்கள் செயலி: எஸ்எஸ்ஹெச் சுரங்கம் அமைப்பது எப்படி?

நீங்கள் எழுதும் வலைச்செயலி உங்கள் கணினியின் 3000ஆம் போர்ட்டில் (செயலி இணைப்புக்குக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலில்) ஓடுகிறது. வேறோர் ஊரில் இருக்கும் சக நிரலாளர் அதைத் தன் உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். இருவர் வீட்டு ரவுட்டரும் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே விடாது. உள்ளிருந்து வெளியே போவதைத் தடுக்காது. அது போதும். இருவரும் நுழையக்கூடிய ஒரு சர்வர் மட்டும் வேண்டும். வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழிதான் எஸ்எஸ்ஹெச்; அந்த இணைப்புக்குள்ளேயே ஒரு கணினியின் போர்ட்டை இன்னொன்றின் போர்ட்டோடு இணைப்பதுதான் சுரங்கம்.

முதலில் சர்வருக்குள் நுழையச் சாவி. இருவரும் அவரவர் கணினியில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையை இயக்குங்கள். இரண்டு கோப்புகள் உருவாகும். 'பப்' என்று முடியும் கோப்பைச் சர்வரில் அவரவர் கணக்கில் சேருங்கள். மற்றொன்று அந்தரங்கச் சாவி. யார் கேட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள்.

இனி நீங்கள் தர வேண்டிய கட்டளை. தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகள்தான். என், ஆர், எல் மூன்றும் பெரிய எழுத்துகள். 'பயனர்@சர்வர்' உள்ள இடத்தில் அவரவர் கணக்கின் பெயரும் சர்வரின் முகவரியும் வரும்.

எஸ்எஸ்ஹெச் -என் -ஆர் 9000:லோக்கல்ஹோஸ்ட்:3000 பயனர்@சர்வர்

நண்பர் தன் கணினியில் தர வேண்டியது:

எஸ்எஸ்ஹெச் -என் -எல் 8000:லோக்கல்ஹோஸ்ட்:9000 பயனர்@சர்வர்

இப்போது அவர் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8000 என்று திறந்தால் உங்கள் செயலி வரும். டெர்மினலில் எதுவும் தெரியாமல் அப்படியே நின்றால் பதறாதீர்கள். '-என்' என்றால் சுரங்கம் மட்டும் போதும், கட்டளை எதையும் இயக்க வேண்டாம் என்று பொருள்.

புதியவர்கள் தடுமாறுவது நடுவில் வரும் 'லோக்கல்ஹோஸ்ட்' ('இதே கணினி' என்று பொருள்) என்ற சொல்லில்தான். நானும் ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். அது யாருடைய கணினி? '-ஆர்' கட்டளையில் அது உங்கள் கணினி: சர்வரின் 9000க்கு வருவதை இங்கே 3000க்குக் கொண்டுவா என்கிறீர்கள். '-எல்' கட்டளையில் அதே சொல் சர்வரைக் குறிக்கிறது: நண்பரின் 8000க்கு வருவதைச் சர்வரின் 9000க்கு அனுப்பு என்கிறார் அவர். சுரங்கத்தின் மறுமுனையில் நின்று பார்க்கும்போது எது 'இங்கே'யோ அதுவே நடுவிலுள்ள லோக்கல்ஹோஸ்ட். '-ஆர்' கட்டளைக்கு அந்த மறுமுனை உங்கள் மேசைமேல் இருக்கிறது.

9000ஆம் போர்ட் இயல்பாகச் சர்வருக்குள் மட்டுமே திறந்திருக்கும். அதை வெளியிலிருந்தும் அணுக விடும்படி சர்வரின் 'கேட்வேபோர்ட்ஸ்' அமைப்பை மாற்றினால் நண்பருக்கு இரண்டாவது கட்டளை தேவைப்படாது என்று யாராவது சொல்லலாம். தயவுசெய்து மாற்றாதீர்கள், பாதி எழுதிய செயலி இணையம் முழுவதற்கும் திறந்துவிடும்.

சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்தால் கட்டளையில் '-ஓ சர்வர்அலைவ்இன்டர்வல்=60' என்று சேருங்கள். வேலை முடிந்ததும் இருவரும் கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுரங்கம் மூடிவிடும்.