பழைய தவறணைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு

வன்னியின் பழைய தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், பனங்கைமரம்தான் கூரையைத் தாங்கும். சுவரில் கைவைக்க முன் அதற்கு முட்டுக் கொடுங்கள்.

சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்தி, தூசி போகக் கழுவுங்கள். குறைந்தது இரண்டு கிழமை ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, அரித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணல் வேண்டாம், உப்புப் பூக்கும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெடிக்கும். கச்சான் காற்றுக்கு ஈரச்சாக்குக் கட்டி, ஒரு கிழமை காயவிடாமல் நனையுங்கள்.

சீமெந்துப் பூச்சை நினைக்கவே வேண்டாம். ஈரம் உள்ளே சிக்கி, பழைய கல்லையும் பெயர்த்துக்கொண்டு பட்டையாக விழும்.