தாண்டப் போகும் முன் காலை இழுத்துப் பிடிக்காதீர்கள்

பொள்ளாச்சியோ கோபியோ, நம்மூர்ப் பள்ளி மைதானங்களில் பார்க்கிற காட்சிதான். நீளம் தாண்டும் பையன் மணல் குழி ஓரத்தில் உட்கார்ந்து, கால் பெருவிரலைப் பிடித்தபடி நிமிடக்கணக்கில் அசையாமல் இருப்பான். ஒரே தசையை 60 வினாடிக்கு மேல் அப்படி இழுத்து வைத்தால், அடுத்த சில நிமிடங்களுக்குத் தாவும் விசை கொஞ்சம் குறையும். சில சதவீதம்தான். ஆனால் பரிசு கைவிட்டுப் போவதே நாலு விரற்கடையில்தானே!

சரி, என்ன செய்யலாம்? 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். மார்கழிக் குளிர் என்றால் இன்னும் இரண்டு சுற்று. தசை சூடானால்தான் வேகமாகச் சுருங்கும். அப்புறம் கால் வீசுதல், முட்டியை இடுப்பு வரை தூக்கி ஓடுதல், கடைசியாக முழு பலம் போடாமல் நாலைந்து தாவல்.

இழுத்துப் பிடித்தே பழகியவர்கள், ஓட்டம் முடிந்ததும் 15, 20 வினாடி பிடித்துவிட்டு, பிறகு கால் வீசுதலுக்குப் போகலாம். நீண்ட ஸ்ட்ரெச்சிங் எல்லாம் பயிற்சி முடிந்த பிறகு.

பேர் கூப்பிட அரை மணி நேரமானால் நடந்துகொண்டே இருங்கள். வேப்பமர நிழலில் உட்கார்ந்து கடலை கொறித்தால் ஏற்றிய சூடெல்லாம் இறங்கிவிடும்.