கோழிகள் திடீரென்று செத்துக் கிடந்தால் செய்யக் கூடாதவை

நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த கோழிகளில் ஐந்தாறு காலையில் செத்துக் கிடக்கின்றன. பலரும் உடனே குழி தோண்டுவார்கள். நாற்றம் வரும், நாய் இழுத்துப் போகும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் புதைத்துவிட்டால் அப்புறம் மிஞ்சுவது ஊகம் மட்டுமே. கையுறையும் முகக்கவசமும் போட்டு, புதிதாகச் செத்த இரண்டு மூன்றை இரட்டைப் பையில் கட்டி எடுத்து வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நீங்களே அறுத்துப் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருந்தால் ஆபத்து உங்களுக்கும்தான்.

எடுத்து வைப்பதிலும் ஒரு தவறு நடக்கும். கெடாமல் இருக்கட்டும் என்று உறைய வைத்துவிடுவார்கள். உறையும்போது திசுக்கள் சிதைந்துவிடும்; நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஐஸ் போட்ட பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பதே நல்லது.

கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் உடனே "பறவைக் காய்ச்சல்" என்று முடிவு கட்டாதீர்கள். மூச்சுத் திணறிச் செத்தாலும் நீலம்தான். எப்படிச் செத்தன என்பதை விட, எந்த வேகத்தில் செத்தன என்பது அதிகம் சொல்லும். ஒரே இரவில் மொத்தமும் போனால் வெப்பம், புகை, விஷம், பயந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கியது எனப் பார்க்க வேண்டும். டெஃப்லான் பூசிய வெப்ப விளக்கைப் புதிதாக மாட்டினீர்களா? அது சூடாகி வரும் புகையை நாம் கவனிக்காமலே இருக்கலாம். கோழிகளுக்கு அது எமன். நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறினால் தொற்று நோயைச் சந்தேகிக்கலாம். இதுவும் கறாரான விதி இல்லை; கோழிக் காலரா ஒரே இரவில் பலவற்றைச் சாய்த்துவிடும்.

புதருக்குள் கிடக்கும் ஒரு பிணத்தைத் தவறவிட்டால் இன்னொரு வினை. அழுகும் உடலில் பாட்டுலிசம் என்ற வாத நோயை உண்டாக்கும் கிருமி நஞ்சு சுரக்கும். அங்கே நெளியும் புழுக்களைக் கொத்தித் தின்ற கோழிகள் கழுத்து தொங்கிச் சாகும். முதல் சாவுக்குக் காரணம் ஒன்று, இரண்டாம் சுற்றுக்கு வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் விசாரணையே திசை மாறிவிடும்.

பூஞ்சை வாசம் வந்த தீவன மூட்டையைக் கோபத்தில் கொட்டிவிடாதீர்கள். ஆய்வுக்கு அரைக் கிலோவும் மூட்டைச் சீட்டும் இருக்கட்டும். கையிருப்பில் உள்ள ஆன்டிபயாடிக்கையும் தண்ணீரில் கலக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் போன்ற வைரஸ் நோயை அது தொடாது. பாக்டீரியாவாக இருந்தால் ஆய்வகத்தில் வளர விடாமல் தடயத்தை அழித்துவிடும்.

மிஞ்சியவற்றை விற்பதும் அறுத்துச் சாப்பிடுவதும் கூடவே கூடாது. முடிவு வரும்வரை புதுக் குஞ்சுகளையும் இறக்க வேண்டாம்.