சந்தேகப்படும் தோழியைச் சுவிசேஷம் வாசிக்க அழைப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் வங்கி வேலை பார்க்கிறேன். எனக்கு நெருங்கிய தோழிகள் இருவர். ஒருத்தி பெரியார் தொண்டர் குடும்பத்தில் பிறந்தவள். கடவுள் இல்லை என்பது அவள் யோசித்து எட்டிய முடிவு. இன்னொருத்தி கிராமச் சபை ஒன்றில் வளர்ந்தவள். தன் அப்பாவின் அடக்கத்தில்கூடச் சாதி பார்த்ததைக் கண்டு ஆலயத்துக்குப் போவதை நிறுத்தியவள். பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தை இருவரோடும் வாசித்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில், மறைக்காமல் கேளுங்கள். பிறந்தநாள் என்று கூப்பிட்டுவிட்டு, கேக் வெட்டியதும் பிரசங்கம் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். "நான் நம்புகிற இயேசுவைப் பற்றி உன்னோடு சேர்ந்து வாசிக்க ஆசை. விருப்பமில்லை என்றால் சொல், நான் வருத்தப்படமாட்டேன்" என்று சொன்னால் போதும். சொன்னபடியே வருத்தப்படாமலும் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடமோ, கடனில் தவிப்பவரிடமோ இந்த அழைப்பை வைக்காதீர்கள். அப்போது சாப்பாடு கொண்டுபோங்கள், இரவு துணைக்கு இருங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள்.

மாற்கு ஏன்? நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். பைபிளின் மற்ற நூல்களான ரோமர் நிருபமும் வெளிப்படுத்தலும் தொடக்கத்துக்கு ஆகாது. நம் பழைய மொழிபெயர்ப்பு எனக்கு உயிர். ஆனால் புதிதாக வாசிப்பவருக்கு, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமே எளிது. மாற்றி மாற்றி உரக்க வாசியுங்கள். வாசித்ததும் விளக்கத் தொடங்காமல், "எது உறுத்தியது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கேள்விகள் நீங்கள் நினைக்காத இடத்திலிருந்து வரும். ஐந்தாம் அதிகாரத்தில், இயேசு விரட்டிய பிசாசுகள் புகுந்ததால் ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் பாய்ந்து சாகின்றன. "பன்றிக்காரன் என்ன பாவம் செய்தான்?" என்றாள் என் தோழி. அத்திப்பழக் காலமே இல்லாதபோது பழம் இல்லையென்று இயேசு மரத்தைச் சபிப்பது என்ன நியாயம் என்றும் கேட்டாள். இவை எனக்கும் நெருடுகிற இடங்கள்தான். அதை அப்படியே சொன்னேன். தெரிந்ததுபோல் நடித்திருந்தால் வாசிப்பு அன்றோடு முடிந்திருக்கும். ஒன்பதாம் அதிகாரத்தில், நம்புகிறேன் என்றும், நம்பிக்கை போதவில்லை, உதவும் என்றும் ஒரே மூச்சில் கதறுகிற தகப்பனிடம் அவள் நெடுநேரம் நின்றாள். அந்தத் தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, மகனைக் குணமாக்குகிறார்.

சரித்திரக் கேள்விக்குத் தயாராக இருங்கள். ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் குறிப்பிடுகிறார். அது உயிர்த்தெழுதலை நிரூபிக்காது. அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வெள்ளைக்காரன் மதம்தானே என்றால், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கேரளத்தில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள் என்பது உண்மை. நம் பக்கத்துச் சபைகள் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வளர்ந்தன என்பதும் உண்மை.

சாதிக் கேள்விதான் கனமானது. உண்மையான கிறிஸ்தவன் சாதி பார்க்கமாட்டான் என்று சொல்லித் தப்பாதீர்கள். பார்த்தவர்கள் ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சரசமும்) எடுத்தவர்கள். கிராமச் சபையில் வளர்ந்த தோழி தன் அப்பாவின் அடக்கத்தைப் பற்றிப் பேசியபோது நான் வசனம் எதையும் எடுக்கவில்லை. முழுதும் கேட்டேன், வெட்கமாக இருக்கிறது என்றேன். உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்திருந்தால், நண்பரை அழைக்குமுன் சேகரக் கமிட்டியில், அதாவது சபையின் நிர்வாகக் குழுவில், எழுந்து பேசுங்கள். ஊரார் ஒதுக்கிய வரி வசூலிப்பவர்களான ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்ததை நம் வாயால் வாசித்துவிட்டு அங்கே மௌனமாக இருக்க முடியாது.

ஆலயத்தைப் பார்க்க விரும்பினால், நம் பக்கத்து அசனப் பண்டிகைக்குக் கூட்டிப்போங்கள். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். உபவாசக் கூட்டமும் ஒலிபெருக்கிக் கன்வென்ஷனும் முதல் நாளுக்கு வேண்டாம். ஞாயிறு ஆராதனைக்கு வந்தால், எப்போது எழுந்து நிற்போம், காணிக்கைப் பை வந்தால் ஒன்றும் போட வேண்டியதில்லை, திருவிருந்தின்போது இருக்கையிலேயே இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் இருந்தால், போதகரிடம் முன்னாலேயே சொல்லித் தவிர்த்துவிடுங்கள்.

பத்தாம் அதிகாரத்துச் செல்வந்தனை நினைவில் வையுங்கள். இயேசு அவனிடம் அன்புகூர்ந்தார். சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் அவன் துக்கத்தோடு போனபோது பின்னால் ஓடிப் பேரம் பேசவில்லை. நண்பர் பாதியில் நிறுத்தினால் நீங்களும் அதையே செய்யுங்கள். அடுத்த வாரம் வழக்கம்போல் டீ குடிக்கக் கூப்பிடுங்கள், புத்தகத்தை எடுக்காதீர்கள்.

கடைசி அதிகாரத்துக்கு வந்தால் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்துடன் முடிந்துவிடுகிறது, நம் பைபிளில் அதற்குப் பின் வரும் வசனங்கள் அவற்றில் இல்லை. கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான். அதை உங்களிடமிருந்தே அவர் கேட்பது நல்லது. பிறகு லூக்காவைத் தொடங்கலாமா என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள்.