மெயின்ஃபிரேம் வேலையை விரைவாக்கும் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயின்ஃபிரேம் என்னும் பெரிய நிறுவனக் கணினிகளில் நிரல்களைத் திருத்தப் பயன்படும் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் ‘எக்ஸ் ஆல்’ கொடுத்து எல்லா வரிகளையும் மறைத்துவிட்டு, ஒரு சொல்லை ‘ஃபைண்ட் ஆல்’ மூலம் தேடினால், அச்சொல் உள்ள வரிகள் மட்டும் திரைக்கு வரும். அவற்றுள் மாற்றக்கூடாத வரிகளை மீண்டும் மறைத்துவிட்டு ‘சேஞ்ச் ஆல்’ கொடுப்பவர்கள், கண்ணில் படும் வரிகள் மட்டுமே மாறும் என்று நம்புகிறார்கள். ஆனால் அந்தக் கட்டளை மறைந்துள்ள வரிகளையும் மாற்றும். ‘என்எக்ஸ்’ சேர்த்தால்தான் தெரியும் வரிகளோடு நிற்கும். ‘வேர்ட்’ சேர்க்காவிட்டால், ‘ரேட்’ என்பதை மாற்றும்போது ‘ஆபரேட்’ என்பதன் பிற்பகுதியும் மாறிப்போகும்.

இதைவிட ஆபத்தானது பத்தி (வரியில் ஓர் எழுத்து நிற்கும் இடத்தின் எண்) எல்லையை மறப்பது. கோபால் நிரல்மொழியின் வழக்கமான வடிவில் 72-ஆம் பத்திக்கு அப்பால் உள்ளதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் படிப்பதில்லை. புதிய பெயர் பழையதைவிட நீளமாக இருந்தால், வரியின் இறுதியில் இருந்த முற்றுப்புள்ளி 73-ஆம் பத்திக்குத் தள்ளப்படலாம். ‘இஃப்’ கட்டளையை முடிக்க வேண்டிய புள்ளி அதுவானால், அடுத்து வரும் கட்டளையும் அந்த நிபந்தனைக்குள் சேர்ந்துவிடும்; கம்பைல் பிழையின்றி முடிந்தாலும் கணக்கு தவறும். எனவே மாற்றத்தை 7 முதல் 72 வரையிலான பத்திகளுக்குள் அடக்க, முன்பே ‘பவுண்ட்ஸ் 7 72’ கொடுத்துவிட வேண்டும். இடம் போதாத வரிகளை எடிட்டரே பிழைக்குறியிட்டுக் காட்டும். சேமிக்கும் முன் ‘கம்பேர் செஷன்’ கொடுத்து, மாறிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதை நான் ஒருபோதும் விடமாட்டேன்.

தரவுக் கோப்பை மேசைக் கணினிக்கு இறக்கும்போது உரை முறையைத் தேர்ந்தெடுப்பது மற்றொரு பெரிய தவறு. ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடக்கும் காம்ப்-3 புலத்தில் +12345 என்ற எண் 3 பைட்டுகளில் இருக்கும். அதன் கடைசிப் பைட்டு பதினாறடிமான முறையில் 5சி; 5 கடைசி இலக்கம், சி கூட்டல் குறி. மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் அதே 5சி நட்சத்திரக் குறியும் ஆகும் என்பதால், உரை மாற்றத்தில் அது மேசைக் கணினியின் குறியீடான ஆஸ்கியின் 2ஏ ஆகிவிடும். எண்ணின் கடைசி இலக்கமான 5 அத்துடன் அழிந்துபோகும். இத்தகைய கோப்புகளை பைனரி முறையில்தான் அனுப்ப வேண்டும்.

2018-இல் அறிமுகமான, மெயின்ஃபிரேமுக்கான திறந்த மூலத் திட்டமான சோவீயின் எக்ஸ்ப்ளோரர் நீட்சியால், மேசைக் கணினியின் நிரல் எடிட்டரான விஎஸ் கோடிலேயே மெயின்ஃபிரேம் கோப்புகளைத் திருத்த முடிகிறது. புதியவர்களுக்கு இது பெரும் உதவி. ஆயினும் ஐஎஸ்பிஎஃப்பில் ஒருவர் திருத்தும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு இங்கே இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. இடையில் வேறொருவர் கோப்பை மாற்றியிருந்தால், சேமிக்கும்போது முரண்பாடு பற்றிய எச்சரிக்கை வரும். அப்போது இரு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலெழுதினால், அவருடைய திருத்தம் முழுவதும் போய்விடும்.