கராஜ் ராக் ஆல்பத்தை முதல்முறை கேட்கும்போது

கராஜ் ராக் என்பது மெருகேற்றாத, கரடுமுரடான ராக் இசை. கேட்கும்போது ஈக்வலைசரை (ஒலியின் ஏற்ற இறக்க அளவை மாற்றும் அமைப்பை) தொடாதீர்கள். கிட்டாரின் கரகரப்பு பதிவுக் கோளாறு இல்லை. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி, வேண்டுமென்றே எடுத்த ஒலி அது. பாஸை (தாழ்ந்த ஒலிகளை) கூட்டினால் அந்தக் கூர்மை மழுங்கிவிடும்.

எதில் தொடங்குவது என்றால், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ‘எலிஃபண்ட்’ (2003). லண்டனில் 8 டிராக் (எட்டு ஒலித்தடங்கள்) டேப் கருவியில் பதிவானது. குழுவில் இருந்தது இருவர்தான், பாஸ் கிட்டார் வாசிக்கத் தனி ஆள் இல்லை. முதல் பாட்டின் தொடக்கத்தில் பாஸ் கிட்டார் போலவே ஒலிப்பது, பெடல் (காலால் இயக்கும் ஒலிமாற்றுக் கருவி) வைத்து ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கிய சாதாரண கிட்டார்! எனக்கு இன்றும் அந்த இடம் சிலிர்க்கும்.

ஷஃபிளை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் கொஞ்சம் சத்தமாக, முழுதாகக் கேளுங்கள். முதல் சுற்றில் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். வரிகளெல்லாம் அப்புறம். மறுநாள் இன்னொரு முறை போடுங்கள். இரைச்சலாகப் பட்ட இடத்தில் மெட்டு தெரியத் தொடங்கும்.