எதிர்வரிசையில் அமரும் புதிய உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின்னர் வன்னியின் பிரதேச சபைகளில் புதிய முகங்கள் பல அமர்ந்திருக்கின்றன. முந்தைய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்ததில் இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்களின் பொறுப்பில் இயங்கிய அலுவலகங்கள் இவை. அதனால் சபையைக் கேட்காமலே அலுவல் பார்க்கும் பழக்கம் அங்கே ஊறியிருக்கிறது. வந்திருக்கும் உறுப்பினர்களில் பலருக்கோ சபை நடைமுறை முற்றிலும் புதிது. நான் முன்னர் எதிர்வரிசையில் இருந்தவன் என்பதால் சிலர் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். சில அமர்வுகளைப் பார்வையாளராக இருந்தும் கவனித்து வருகிறேன். எங்கள் காலத்து எதிரணியில் நடந்த அதே பிழைகள் மீண்டும் நடப்பதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வருதல், நாவை அடக்கிப் பேசுதல் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சபைக்கு இல்லாத அதிகாரத்தைச் சபையில் தேடுவது

மாதாந்த அமர்வில் கிடைக்கும் பேச்சு நேரம் மிகச் சிறிது. அதில் பாதியை ஏ9 வீதியின் குழிகளுக்கோ, பரந்தனில் இருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியின் இருளுக்கோ செலவிட்டால், தவிசாளர் புன்னகையுடன் "அது எங்களுடைய வீதி அல்ல" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. கிராமத்து உள்வீதிகளே சபையின் பொறுப்பு. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் இருக்கின்றன. காணி உத்தரவுப் பத்திரம் பிரதேச செயலகத்தின் அலுவல். யானை வேலிக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தையே கேட்க வேண்டும். காட்டு எல்லைக் கற்கள் வயலுக்குள் வந்து நிற்பதைப் பற்றி வனவளத் திணைக்களத்துக்குத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் அந்தத் தீர்மானத்தினால் தவிசாளருக்கு ஒரு சங்கடமும் இல்லை, அவரும் சேர்ந்தே கை உயர்த்துவார்.

தவிசாளர் பதில் சொல்லியே தீர வேண்டிய இடங்கள் வேறு. குடிநீர் பவுசர் எந்தக் கிராமத்துக்கு எத்தனை தடவை சென்றது, தெருவிளக்குகள் எந்த ஒழுங்கில் பொருத்தப்பட்டன, சந்தையும் கடைகளும் யாருக்கு எந்த விலைக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன, குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு மாதம் எவ்வளவு டீசல் செலவாகிறது, மயானத்துக்கு என்று ஒதுக்கிய பணம் எங்கே போனது என்பவைதான் அவை. வறட்சிக் காலத்தில் "எங்கள் கிராமத்துக்குத் தண்ணீர் வரவில்லை" என்று முழங்கும் உறுப்பினரைவிட, "ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான பவுசர் ஓட்டப் பதிவேட்டின் பிரதியைச் சபைக்குச் சமர்ப்பிக்கவும்" என்று ஒற்றை வரியை எழுத்தில் கொடுத்த உறுப்பினரையே அலுவலகம் கணக்கில் எடுக்கிறது.

நிகழ்ச்சி நிரலைச் சபை வாசலில் வைத்துப் பிரிப்பது

முதல் நாள் வாசியாத தாளை அமர்வில் வாசிக்க நேரம் கிடைக்காது.

வாக்கெடுப்புக்கு முன்னர் வெளிநடப்புச் செய்வது

என்னை இன்றும் எரிச்சலடையச் செய்வது இந்தத் தவறுதான். அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

வெளிநடப்பு எதிரணியின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி எழுந்து போனால், போவதற்கு முன் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஹன்சாட்டில் இருக்கும், மறுநாள் பத்திரிகையிலும் வரும். பிரதேச சபையில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே எஞ்சுவது செயலாளரின் பொறுப்பில் தயாராகும் கூட்டறிக்கை மட்டுமே. அதில் வாதங்கள் விரிவாக இருப்பதில்லை, முடிவுகளே இருக்கும். நீங்கள் எழுந்து போன பின்னர் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் எதிர்ப்பு எதுவும் இல்லாத முடிவாகவே அதில் பதியப்படும்.

வன்னியில் ஒரு பிரதேச சபையில் நடந்ததைச் சொல்கிறேன். சபையின் பெயர் வேண்டாம். அங்கே ஆளும் தரப்புக்கு அறுதிப் பெரும்பான்மை இல்லை. எதிரணியில் இருந்த கட்சிகள் சேர்ந்து நின்றால் எந்தப் பிரேரணையையும் தோற்கடிக்கக்கூடிய நிலை. ஓர் அமர்வின் நிகழ்ச்சி நிரலில், மீன் சந்தையின் வருடக் குத்தகையைப் பகிரங்கக் கேள்விகோரல் இல்லாமல் பழைய குத்தகைக்காரருக்கே அடுத்த ஆண்டும் நீடிப்பது என்ற விடயம் கடைசிப் பகுதியில் இருந்தது. எதிரணி உறுப்பினர்கள் முதல் நாள் இரவே கூடி, அதை எதிர்ப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். அமர்வு தொடங்கிச் சிறிது நேரத்தில் வேறொரு பிரச்சினை எழுந்தது. புதிதாகத் திறந்த ஓர் உள்வீதியின் பெயர்க்கல்லில் அந்த வட்டாரத்து உறுப்பினரின் பெயர் விடுபட்டிருந்தது. அவர் கேட்டார், தவிசாளர் அலட்சியமாக ஒரு வார்த்தை சொன்னார். எதிரணி முழுவதும் எழுந்து, கோஷமிட்டபடி வாசலுக்குப் போனது. அங்கே கைத்தொலைபேசிகள் உயர்ந்தன, படங்கள் எடுக்கப்பட்டன, பேட்டிகள் கொடுக்கப்பட்டன. உள்ளே கோரம், அதாவது அமர்வு நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, குறையவில்லை. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், சந்தைக் குத்தகை நீடிக்கப்பட்டது.

அவமதிக்கப்பட்ட உறுப்பினரின் கோபம் நியாயமானது. ஆனால் கல்லில் விடுபட்ட பெயரை அடுத்த மாதமும் கேட்டிருக்கலாம், குத்தகையை அப்படிக் கேட்க வழியில்லை. அடுத்த அமர்வுக்கு வந்த கூட்டறிக்கையில், "மேற்படி குத்தகையை ஒரு வருடத்துக்கு நீடிப்பதற்குச் சபை ஏகமனதாக அங்கீகாரம் வழங்கியது" என்று இருந்தது.

புதிய ஆண்டு பிறந்ததும் மீன் விற்கும் பெண்களிடம் அறவிடும் நாள் வாடகை கூடியது. அந்த வட்டாரத்து உறுப்பினருடன் நானும் ஒருநாள் காலை சந்தைக்குப் போயிருந்தேன். வெடித்த சீமெந்துத் திட்டில் சூடைமீனைக் குவித்து வைத்திருந்த ஓர் அம்மா, இடுப்பில் செருகியிருந்த பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். அச்சிட்டிருந்த பழைய தொகையைப் பேனாவால் வெட்டி, அதன்மேல் புதிய தொகை எழுதப்பட்டிருந்தது. ஈரக் கையில் இருந்து இருந்து எழுத்து ஊறிப்போயிருந்தது. "தம்பி, நீங்கள் எல்லாரும் உள்ளுக்கு இருந்தனீங்கள்தானே? உங்கட ஆக்களும் சேந்துதான் ஓம் எண்டவை எண்டு அவை சொல்லினம்" என்றார் அவர். உறுப்பினர் வெளிநடப்புச் செய்த படத்தைத் தொலைபேசியில் காட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு மீனை நிறுக்கத் திரும்பிக்கொண்டார்.

பின்னர் எதிரணி உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு முறைப்பாடு எழுதியது. முறைப்பாட்டைப் பார்த்த அலுவலகம் முதலில் கேட்டது கூட்டறிக்கையின் பிரதியை. அதில் எதிர்த்தவர் எவரும் இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் அதற்குத் தேர்தல் நடக்காத நிலையில், முறையிட மாகாண அமைச்சர் என்று ஒருவரும் இல்லை. அதிகாரிகளும் ஆளுநரும்தான் இருக்கிறார்கள். அவர்கள் தாளைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். வாசலில் எழுப்பிய கோஷம் அந்தத் தாளில் இல்லை.

இவ்வளவும் நடந்த பிறகும், புதிய சபைகளில் அதே காட்சியை மீண்டும் பார்க்கிறேன். ஆகவே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெளிநடப்பைத் தீர்மானிக்கும் முன், நிகழ்ச்சி நிரலில் இன்னும் என்னென்ன மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். பணம், குத்தகை, காணி, ஆள்சேர்ப்பு ஆகிய நான்கில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் இருக்கையை விட்டு எழ வேண்டாம். எதிர்க்கும் விடயம் வந்ததும் பெயர் கூறி வாக்கெடுக்கும்படி கேளுங்கள். "எனது எதிர்ப்பைக் காரணத்துடன் கூட்டறிக்கையில் பதியவும்" என்று எழுதிக் கையொப்பமிட்ட தாளைச் செயலாளரிடம் கொடுத்து, பிரதியில் திகதியுடன் ஒப்பம் வாங்குங்கள். அதன் பின்னரும் வெளியேற விரும்பினால் வெளியேறலாம். வாக்கெடுப்பு முடிந்த பின்னர் வெளியேறினாலும் படம் அதே படம்தான். எல்லோரும் போயே ஆகவேண்டிய நிலை என்றால், நிதானமான இருவரை உள்ளே இருக்க விடுங்கள். இதற்கு எதிரணிக் கட்சிகள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அமர்வுக்கு முன் ஒரு மேசையில் இருந்து தேநீர் குடிக்காத கட்சிகள் அமர்வுக்குள் ஒன்றாக நிற்பதில்லை.

கூட்டறிக்கையை வாசிக்காமல் ஆமோதிப்பது

மேலே சொன்ன தவறின் மறுபாதி இது. சென்ற கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவது அமர்வின் தொடக்கத்தில், எல்லோரும் இன்னும் கதிரையைச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிழையாகப் பதியப்பட்ட முடிவைத் திருத்துவதற்கான இடம் அந்த ஒரு நிமிடம்தான். "கொள்கையளவில்" என்று பேசப்பட்டது "அங்கீகரிக்கப்பட்டது" என்று மாறியிருக்கலாம், தொகை விடுபட்டிருக்கலாம், வராத உறுப்பினர் வழிமொழிந்ததாக இருக்கலாம். உறுதிப்படுத்தி முடிந்த கூட்டறிக்கையைப் பிறகு அசைப்பது மிகக் கடினம்.

பாதீட்டை மொத்தமாக எதிர்ப்பது

பெரும்பான்மை இல்லாத தவிசாளருக்கு ஆண்டின் மிகப் பெரிய பயம் வரவு செலவுத் திட்ட அமர்வு. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் பாதீடு இரண்டாவது தடவையும் தோற்கடிக்கப்பட்டு, முதல்வர் பதவி இழந்ததை வன்னியில் எல்லோரும் அறிவார்கள். அந்த நினைவினால், பாதீடு என்றால் தோற்கடிக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணம் புதியவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. ஆட்சியை மாற்றுவது ஓர் அரசியல் முடிவு; அதற்குத் தேவையான எண்ணிக்கையும், அதன் பின் யார் தவிசாளர் என்ற உடன்பாடும் கையில் இருந்தால் செய்யலாம். அவை இல்லாமல் "நிராகரிக்கிறோம்" என்று மட்டும் சொல்லும் எதிரணி, தவிசாளரின் பயத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது.

அந்தப் பயம் உள்ள நாட்களில்தான் திருத்தங்களை ஏற்கச் செய்யலாம். பாதீட்டு வரைபு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே அதை எடுத்து, தலைப்புத் தலைப்பாகச் சென்ற ஆண்டின் உண்மைச் செலவுடன் ஒப்பிட வேண்டும். வருமானப் பக்கத்தில் சோலைவரி, கடை வாடகை, நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை ஆகியவை எவ்வளவு வரும் என்று ஊதிக் காட்டியிருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வராத வருமானத்தின் மேல் கட்டிய வீதி ஆண்டு இறுதியில் காகிதத்திலேயே நின்றுவிடும். நின்றுபோவது பெரும்பாலும் எதிரணி உறுப்பினரின் வட்டாரத்து வீதியாகவே இருக்கும். அதன் பின், இந்தத் தலைப்பில் இருந்து இவ்வளவை எடுத்து அந்தத் தலைப்புக்கு மாற்றவும் என்று எழுத்தில் திருத்தம் கொடுங்கள். முன்பள்ளி ஆசிரியரின் கொடுப்பனவு, நூலகத்துக்கான புத்தகங்கள், மயானத்துக்கான கொட்டகை என்று மூன்று திருத்தங்களை வென்ற எதிரணி உறுப்பினருக்குத் தன் ஊரில் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

குழுக்களை ஆளும் தரப்புக்கு விட்டுக்கொடுப்பது

நிதி, சுற்றாடல், வீடமைப்பு, தொழில்நுட்ப சேவைகள் ஆகியவற்றுக்குக் குழுக்களை அமைக்கப் பிரதேச சபைச் சட்டம் இடமளிக்கிறது. உறுப்பினர் அல்லாத ஊரவரையும் அவற்றில் சேர்க்கலாம். நிதிக்குழுவில் ஓரிடம் கேட்காத எதிரணி, சபையின் கணக்கைக் கடைசியாகக் காணும் எதிரணியாகவே இருக்கும். ஓய்வுபெற்ற கணக்காளர், சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவர் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை முன்மொழியுங்கள்.

உத்தியோகத்தரைச் சபையில் வைத்து ஏசுவது

பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது.

பட்டியலில் வந்த பெண் உறுப்பினரை எண்ணிக்கைக்கு வைத்திருப்பது

பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டினால் சபைக்கு வந்த பலருக்குக் கட்சி பேச நேரம் கொடுப்பதில்லை. தண்ணீர், முன்பள்ளி, சந்தை ஆகிய விடயங்களில் அவர்களிடம் இருக்கும் தகவல் வட்டார உறுப்பினரிடம் இருப்பதில்லை. மாதர் சங்கத்திலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அவர்களில் பலர். கேள்விகளை அவர்களிடம் எழுதக் கொடுங்கள், சபையில் அவர்களே கேட்கட்டும்.

பதில் வராத கேள்வியைக் கைவிடுவது

"அடுத்த அமர்வில் பதில் தரப்படும்" என்ற வாக்குறுதியுடன் முடிந்துபோன கேள்விகள் சபைகளில் ஏராளம். இரண்டாவது அமர்விலும் பதில் வராவிட்டால், மூன்றாவது அமர்வு வரை காத்திருக்காமல் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை விண்ணப்பமாகக் கொடுங்கள். சபை உறுப்பினர் என்பதற்காக அந்த உரிமை இல்லாமற் போவதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் நிறுவனத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கேட்கும்போது "விபரம் தருக" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்த ஆவணம், எந்தக் காலம் என்று குறிப்பிட்டு அதன் பிரதியைக் கேளுங்கள். பிரதி கையில் கிடைத்ததும் அதை இணைத்து, அடுத்த நிகழ்ச்சி நிரல் மூடப்படும் முன்னரே பிரேரணையாகச் செயலாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.